குண்டடத்துச் சவரிமுத்துவின் கல்லறை

ரோஸ்மேரிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். ஆனால் திருப்பூருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். யாராவது ஊரைக் கேட்டால், "எங்க பூட்டனைக் குண்டடத்துலல்லா அடக்கியிருக்கு. நாங்க இந்தப் பக்கத்து ஆளுவதான்" என்பாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். பிழைக்க வந்தவர்கள் என்ற பேச்சு அவளுக்கு ஆகவே ஆகாது.

பூட்டன் சவரிமுத்து ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்கு வண்டி ஓட்டினவர். கோயில் கட்டப் புறப்பட்ட சாமியாரோடு தெற்கிலிருந்து மாட்டுவண்டியில் கொங்குநாட்டுக்கு வந்தார். குண்டடத்தில் கோயில் வேலை நடக்கும்போதே வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். இதற்குமேல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. திருப்பூர் வந்த முதல் வருஷமே ரோஸ்மேரி புருஷன் மிக்கேலை இழுத்துக்கொண்டு குண்டடம் பக்கம் தேடிப் போனாள். சோளக்காட்டு நடுவே ஓடு வேய்ந்த சின்னக் கோயில். அதன் பின்னால் முள்வேலிக்குள் கல்லறைத் தோட்டம். பாதி மண்ணில் புதைந்திருந்த ஒரு கல்லில் 'சவரிமுத்து' என்று இருந்தது. அவ்வளவுதான், கல்லைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

தப்பான ஆளாக இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்கள் பேர் வைப்பதில் மகா சிக்கனக்காரர்கள். சவரிமுத்து, சூசை, அந்தோணி என்று நாலைந்து பேரை வைத்துக்கொண்டே ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரோஸ்மேரியின் சொந்தத்திலேயே மூன்று சவரிமுத்து உண்டு.

அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சுண்ணாம்பு வாளி, செவ்வந்திப் பூ, மெழுகுவர்த்திக் கட்டு, ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு என்று குண்டடத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். "பூட்டனுக்குச் சோறு எடுத்து வச்சியா?" என்று மிக்கேல் வழியெல்லாம் கேலி பண்ணுவான். போய்ச் சேர்ந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டு வெள்ளையடிப்பவனும் அவன்தான். வேலை முடிந்து வேப்பமரத்தடியில் இருவரும் சாப்பிட்ட அந்த மத்தியானங்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். வருஷம் பூராவும் மிஷின் சத்தத்தில் கிடந்தவளுக்கு, சொந்தமென்று போய் உட்கார அந்த ஒரு இடம்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் பூட்டனுக்கு ஒரு சிமெண்டு மேடை கட்ட ஆசைப்பட்டாள். உள்ளூர்க் கொத்தனார் அடிமண்ணைத் தோண்டினார். கல்லின் கீழ்ப்பாதி வெளியே வந்தது. அதிலும் எழுத்து இருந்தது. கொத்தனார் மண்ணைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்: செங்காட்டுத் தோட்டம் கருப்பண்ணன் குமாரன்.

"ஏனுங்க, இவரு இந்த ஊர்க்காரருங்களாட்ட இருக்குது. செங்காட்டுத் தோட்டம்னா நம்ம ஆறுச்சாமியய்யன் ஊடுங்க. அதா, அந்தத் தென்னந்தோப்புங்க."

ரோஸ்மேரி குனிந்து தானும் ஒருதரம் படித்துப் பார்த்தாள். மிக்கேல் அவள் காதருகே வந்து, "மூடிப் பூசச் சொல்லு. யாரு வந்து கேக்கப்போறா?" என்றான்.

அவளும் அதைத்தான் விரும்பினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. கூப்பிடு தூரத்தில் சொந்த பந்தம் இருந்தும் அந்த மனுஷன் அனாதையாகக் கிடந்திருக்கிறாரே! தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டால் அடுத்தவர் வீட்டுப் பெரியவரைத் திருடி வைத்துக்கொண்ட மாதிரிதான். மேடை வேலையை நிறுத்தச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்காட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

ஆறுச்சாமிக்கு எழுபது வயது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் இறுகிவிட்டது.

"அப்படி ஒருத்தரு எங்க வம்சத்துல இல்லீங்க, அம்மிணி. கிறிஸ்தவ வேதத்துல சேந்தவீங்க ஆரும் எங்களுக்குக் கெடையாது. மோர் குடிச்சுப்போட்டுப் போங்க."

மோர்ச் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்துவந்தாள். அவர்களுக்கும் அவர் வேண்டாம், அவளுக்கும் அவர் பூட்டன் இல்லை. இனி எந்த வாயால் இந்தப் பக்கத்து ஆள் என்று சொல்வது? கம்பெனியில் ஊர்ப்பேச்சு வந்தாலே துணியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அவளும் போகாவிட்டால் அந்தக் கல்லுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பொழுது சாயும் நேரம் மிக்கேலோடு போய், மெழுகுவர்த்திக் கட்டோடு கல்லுக்கு முன்னால் நின்றாள். ஏற்றக் கை வரவில்லை.

வேலியோரம் யாரோ செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. ஆறுச்சாமி. தனியாக வந்திருந்தார். அந்தக் கல்லுக்கு எதிரே குந்தி, எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்க அப்பாரு, தாத்தனுங்க, சாகக் கெடந்தப்ப, 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்புட்டுட்டே கெடந்தாருங்க. அப்பாருக்கு ஏது அண்ணன்னு கேட்டேன். புத்தி கலங்கிப்போச்சு, பேசாம இருன்னு என்னைய அதட்டிப்போட்டாங்க. வேதத்துல சேந்தாருன்னு உசுரோட இருக்கறப்பவே தலை முழுகிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கலீங்க, அம்மிணி. இந்த மெழுகுவத்திய எப்படிங்க வெக்கிறது?"

அவள் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக் கொடுத்தாள். அவர் கல்லில் நிறுத்திப் பார்த்தார். நிற்காமல் இரண்டு தரம் சாய்ந்தது. அவளே மெழுகைச் சொட்டி ஒட்டவைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"ஏனுங்க தள்ளிப் போறீங்க? எங்க பெரிய அப்பாருக்கு இத்தன வருசமா வெளக்கு வெச்சது நீங்கதானுங்களே. உங்க பூட்டன் எங்கீங்க இருக்கறாரு?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தெரியலய்யா. வாந்திபேதில போனவியளுக்குக் கல்லு யாரு நட்டா? இந்த வேலிக்குள்ளதான் எங்கனயோ கெடக்காவ."

ஆறுச்சாமி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பேரில்லாத மண்மேடுகள் வேலி வரைக்கும் இருந்தன. அவள் கையிலிருந்த மெழுகுவர்த்திக் கட்டை வாங்கிக்கொண்டார்.

"எதுன்னு தெரியாட்டி என்னங்க அம்மிணி? எல்லாத்துக்கும் வெச்சுப்போடலாம், வாங்க."

அவர் பற்றவைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் மேடு மேடாக நட்டுக்கொண்டே போனாள். எந்த மேட்டிலாவது பூட்டன் இருக்கத்தான் வேண்டும். பாதித் தோட்டத்தில் கட்டு தீர்ந்தபோது, மிக்கேல் கோயில் வாசலுக்குப் போய் இன்னும் இரண்டு கட்டு வாங்கிவந்தான்.