ஒழுகிய குழாயும் என் நோட்டீஸும்

கோஷம் போட்டே காலம் தள்ளியவனுக்குத் தொண்டைப் புண்ணைத் தவிர வேறு ஓய்வூதியம் கிடையாது. என்னைப் போல் மேடையேறி அவதிப்பட்ட தோழர்களுக்கு இது தெரியும்.

குழாய் மேல் மேடை

அறுபதுகளில் பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்துக்கென்று ஒரு தண்ணீர்க் குழாய் இல்லை. ஆனால் வசதியுள்ளவர்களின் மாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய் எங்கள் குடிசைகளை உரசிக்கொண்டு போனது. அதில் ஒரு மூட்டு ஒழுகும். பெண்கள் அங்கேதான் குடம் வைப்பார்கள்.

ஒரு நாள் அந்தக் குழாய் மேலேயே ஏறி நின்று, "நம் தாகத்தின் மேல் சீமான்களின் குளியல் ஓடுகிறது!" என்று முழங்கினேன். ஆண்கள் கை தட்டினார்கள். கீழே குடத்தோடு காத்திருந்த பாக்கியம், மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்பவள், அண்ணாந்து பார்த்தாள். "அண்ணாச்சி, செத்த தள்ளி நின்னு முழங்குங்க. ஒங்க காலு கழுவுன தண்ணியவா நாங்க குடிக்கணும்?"

உடனடி நடவடிக்கை

'மக்கள் தவிக்க, குழாய் ஒழுகி நீர் வீணாகிறது! சந்துக்கு ஒரு குழாய் கொடு!' என்று நோட்டீஸ் அச்சடித்து அதிகாரிகளிடம் கொடுத்தேன். அதுவரை என் மனு எதற்கும் பதில் வந்ததில்லை. அந்த வாரமே ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் மாலை வாங்கி வரச் சொன்னேன். அவர்கள் ஒழுகிய மூட்டை இறுக்கி அடைத்துவிட்டுக் கருவிகளைப் பையில் போட்டார்கள். தமிழ் மேஸ்திரி நெற்றியைத் துடைத்தபடி சொன்னார்: "இனிமே ஒரு சொட்டு வீணாகாது, தலைவரே. மாலை எனக்கா?"

மூன்றாவது மாடி

அன்றிலிருந்து பெண்கள் சயான் வரை நடந்து தண்ணீர் சுமந்தார்கள். சந்துக்குக் குழாய் கேட்டுக் கையெழுத்து வாங்க, பாக்கியம் வேலை செய்யும் வீட்டுக்கே போனேன். வீட்டுக்காரர் கம்பெனி அதிகாரி. உள்ளே திறந்துவிட்ட குழாயடியில் பாக்கியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடிசையில் அன்று குடிக்கத் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரரிடம் நோட்டீஸை நீட்டினேன். படித்துப் பார்த்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அட, ஒழுகலை அடைக்கச் சொன்னது நீர்தானா? இப்போ மூணாவது மாடிக்கும் ஜோரா தண்ணி ஏறறது! காபி சாப்பிடாம போகப்படாது!"

வேறு மூட்டு

சில நாள் கழித்துக் காலையில் போனால், சற்றுத் தள்ளி வேறொரு மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. எப்படி என்று கேட்டேன். ஒருத்தி கடப்பாரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். இது போராட்ட முறையே அல்ல என்று ஆரம்பித்தேன். பாக்கியம் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், இதப்பத்தி மட்டும் எழுதிராதிய. பிள்ளைய ரெண்டு நாளு குடிக்கட்டும்."

ஒரு வரிகூடப் பொய்யில்லாத நோட்டீஸ் எப்படி எதிரி வீட்டுத் தொட்டியை நிரப்பியது என்பது, தோழர்களே, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.