கூரைத் தண்ணீர் சொட்டிய சந்து

மதகடிப்பட்டு டீக்கடையில் நேற்று மழைக்கு ஒதுங்கியபோது, நனைந்த கீற்றின் புளித்த வாசனை என்னை வில்லியனூர்ப் பக்கத்து எங்கள் பழைய சந்துக்குக் கொண்டுபோனது. எங்கள் கூரையும் பக்கத்து லூர்து அக்கா வீட்டுக் கூரையும் தத்தம் தண்ணீரைச் சொட்டிக்கொள்வதற்கென்றே விட்டுவைத்த, ஒருவர் பக்கவாட்டில் மட்டுமே நிற்கக்கூடிய இடைவெளி அது.

ஒட்டுக்கேட்பதை ஆங்கிலத்தில் ‘ஈவ்ஸ்டிராப்’ என்பார்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர் என்றும், அங்கே சுவரோரம் நின்று உள்ளே பேசுவதைக் கேட்டவர்களால் அது வினைச்சொல்லானது என்றும் அகராதியில் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

எட்டாவது படித்த வருடம், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், முதுகில் சொட்டுச் சொட்டாக மழை இறங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு? அவ அத்த வூட்டுக்கு வேலைக்கு அனுப்பு" என்றார் அப்பா.

"உன் தங்கச்சி வூட்ல பாத்திரம் தேய்க்க நீயே போய்யா. எம்பொண்ணு கெட்டிக்காரி. அவ படிப்பா."

என் முகத்துக்கு நேரே ‘தண்டச்சோறு’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாத அம்மாவின் குரல் அது.

நான் படித்தேன். இரண்டு வீடுகளும் மாடியாகி, சந்து சுவருக்குள் போய்விட்டது. அம்மா என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லி நான் கேட்டது அங்கே மட்டும்தான்.