நான் சாகடித்த பதினேழு தந்தையர்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பாசன வாய்க்காலின் கரையில், ஒரு கிறித்தவ அனாதை இல்லமும் அதனோடு ஒரு பள்ளியும் எழுந்தன. அவற்றுள் முதலில் எழுந்தது வாயில் வளைவு. சுற்றுச்சுவருக்கு முன்பே, ஆழ்துளைக் கிணற்றுக்கு முன்பே, கழிப்பறைக்கு நெடுநாள் முன்பே அது எழுந்துவிட்டது. இரண்டு தேவதூதர்களைத் தோளில் சுமந்துகொண்டு, வயல்களின் நடுவே தன்னந்தனியாக நின்றது. அதனுள் பயபக்தியோடு நுழைந்தவர் மறுபக்கம் முழங்கால் சேற்றில் இறங்கினார். இல்லத்தை நிறுவிய பாஸ்டர் நாள்தோறும் மாலையில் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

அடுத்துப் பெயர்ப்பலகை வந்தது. அதற்கடுத்து, திறந்துவைப்பவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டுப் பொறிக்கப்பட்ட பளிங்குக் கல் வந்தது. பிறகு கட்டடமும் கட்டில்களும் தட்டுகளும் சீருடைத் துணியும் வந்தன. வராதவர்கள் அனாதைகள் மட்டுமே.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். பாஸ்டரின் சபையில் பிழையின்றி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே என்று அவர் பலர் அறியச் சொன்னதால், இல்லத்தின் எழுத்து வேலை முழுவதும் என் மடியில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. புகழ்ச்சிக்கு மயங்காத தமிழாசிரியர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை, கண்ணாடியிலும் சந்தித்ததில்லை.

அனாதைகளைத் தேடி நாங்கள் இருவரும் ஊர் ஊராக அலைந்தோம். ஒரு சிற்றூரில், நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற பெண்களிடம் பாஸ்டர் கனிவோடு கேட்டார்: "இங்க அனாதைப் பிள்ளைங்க யாரும் இருக்காங்களாம்மா?"

ஒருத்தி அரிசிப் பையைத் தரையில் வைத்தாள். "என்ன பேச்சுங்க இது? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

மற்றோர் ஊரில் தாயும் தந்தையும் உண்மையாகவே இல்லாத சிறுவன் ஒருவன் இருந்தான். பாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஆனால், அவனுக்கு இரண்டு தாய்மாமன்களும் ஒரு சித்தப்பாவும் இருந்தனர். சீர்காழியில் ஓர் அத்தை வேறு இருந்தாள். மூத்த மாமன் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "ஆளுக்கு நாலு மாசம் வச்சுக்கிறதுன்னு இப்பதான் அடிச்சுப் பிடிச்சுப் பேசி முடிச்சிருக்கோம். நடுவுல நீங்க வேற வராதீங்க."

இல்லத்துக்கு மளிகை தர இசைந்திருந்த முஸ்லிம் கடைக்காரர்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். "பாஸ்டரே, நம்ம பக்கம் அப்பன் இல்லாத புள்ள கம்மி. அப்பன் ஊர்ல இல்லாத புள்ளதான் நெறய. பாதிப் பேரு திருப்பூரு, பாதிப் பேரு துபாயி. அதுங்களச் சேத்துப் படிக்க வைங்க, புண்ணியமாப் போகும்."

"கமிட்டி ஒத்துக்காது பாய்," என்றார் பாஸ்டர்.

கமிட்டி என்பது சென்னையில் இருந்தது. இல்லத்தின் செலவை ஏற்றிருந்த அது ஒரு படிவமும் அனுப்பியிருந்தது. அப்படிவத்தில் குழந்தை என்ன படித்திருக்கிறது என்பதற்கு ஒரு வரி இருந்தது. 'தந்தை இறந்த விதம்' என்பதற்கு அரைப் பக்கம் இருந்தது.

நாங்கள் தேடுவதை நிறுத்திய பிறகு பிள்ளைகள் தாமாகவே வந்தார்கள், தந்தையரோடு. முதலில் வந்தவர் நடவு, அறுப்புக் கூலிக்குப் போகும் ஒருவர். அவருடைய மனைவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தார். மகள் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். அவர்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அடுத்த பள்ளிக்குப் பேருந்து மாறிப் போக வேண்டும்.

"தங்கிப் படிக்கணும் சார்," என்றார் அவர் என்னிடம். "தை அறுப்பு முடிஞ்சா நானும் திருப்பூர் போயிருவேன். இத யாருகிட்ட விட்டுட்டுப் போறது? நல்லாப் படிக்கும்."

தந்தை உயிரோடிருந்தால் சேர்க்க விதியில்லை என்று பாஸ்டர் வருத்தத்தோடு விளக்கினார். வந்தவர் மகளைப் பார்த்தார்.

"அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக்குங்க."

"அப்படில்லாம் எழுத முடியாதுப்பா," என்று சொல்லிவிட்டு, பாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் செய்த பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விடத் தெளிவானது அந்தப் பார்வை.

அந்தப் பெண் தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பறம் நீ எப்படிப்பா என்னப் பாக்க வருவ?"

"வருவேன். மாமான்னு சொல்லிக்கிட்டு வருவேன். நீயும் மாமான்னு கூப்புடு, என்ன?"

அவள் தலையாட்டவில்லை. ஆனாலும் சேர்க்கப்பட்டாள். செய்தி பரவிற்று. ஒரு மாதத்துக்குள், உயிரோடிருந்த பதினேழு தந்தையர் வரிசையில் நின்று என் பேனாவுக்குக் கழுத்தை நீட்டினர்.

கூறியது கூறல் குற்றம் என்று மாணவர்க்குச் சொல்லி வந்தவன் நான். ஆகவே ஒருவர் இறந்ததைப் போல் இன்னொருவர் இறக்க விடவில்லை. ஒருவரை மின்னல் தாக்கிற்று. ஒருவரைப் பாம்பு கடித்தது. ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். ஒருவருக்கு, வேறு வழியின்றி, காமாலை. முதலில் வந்த அந்தப் பெண்ணின் தந்தைக்கு என் உரைநடையின் உச்சத்தை ஒதுக்கினேன்: 'ஆற்றின் கரை உடைந்தபோது அதனை அடைக்கச் சென்ற என் தந்தை ஊரைக் காத்தார், தம்மைக் காத்துக்கொள்ளவில்லை.' எழுதி முடித்து நானே இருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் நான்கு மாதம், அவர் மகளைப் பார்க்க வந்தபோதெல்லாம் வருகைப் பதிவேட்டில் 'தூரத்து மாமா' ஆனார். அவள் அவரை மாமா என்று ஒருமுறையும் அழைக்கவில்லை. அப்பா என்று அழைக்க அனுமதியில்லை. எதுவும் அழைக்காமலேயே பேசப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசித் தொடக்கத்தில் திறப்பு விழா வைத்தார்கள். கமிட்டியின் தலைவியான ஓய்வுபெற்ற மருத்துவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். தம் வாழ்வில் நடந்ததை யாராவது எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லாத விழா எங்கள் சபைகளில் விழாவாகாது. ஆகவே பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒலிவாங்கியின் முன் நின்று, ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் சொல்லி, நான் எழுதிக் கொடுத்த சாவை ஒப்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நற்செய்தி நாலாபக்கமும் போக வேண்டும் என்பதற்காகத் தென்னை மரத்தில் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களை நான்கு திசைக்கும் கட்டச் செய்திருந்தார் பாஸ்டர்.

இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் ஒன்றை மறந்தோம். எங்கள் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரையும் ஓர் ஆளின் பெயரையும் சேர்த்துக் குழாயில் சொன்னால், பெரும்பாலும் அது சாவு அறிவிப்பு. கேட்டவர் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்.

முதலில் அந்தப் பெண்ணே மேடையேற்றப்பட்டாள். ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தாள். 'தம்மைக் காத்துக்கொள்ளவில்லை' என்ற இடத்தில் டாக்டரம்மா கைக்குட்டையை எடுத்தார். நான் பணிவோடு தரையைப் பார்த்துக்கொண்டேன்.

இல்லத்தை ஒட்டிய ஊரில்தான் அவளுடைய அத்தை, அதாவது தந்தையின் தங்கை, வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்று இரண்டு வயல் தள்ளிச் சம்பா நடவில் இருந்தாள். அந்த வாரம் முழுக்க மழை. ஆறு நிறைந்து ஓடிற்று. கரை தாங்காது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அண்ணன் பெயரையும் ஊரையும் உடைப்பையும் குழாயில் கேட்டவள் நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் பின்னே நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேற்றுக் காலோடு வாயில் வளைவினுள் புகுந்தனர்.

"என் கூடப் பொறந்த பொறப்பே, ஆத்துக்குப் போயிட்டியா," என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது திறப்பு விழாம்மா," என்றார் பாஸ்டர்.

"பொணத்த எங்கங்க வச்சிருக்கீங்க?" என்று மற்றொருத்தி நிதானமாகக் கேட்டாள்.

பாஸ்டரின் மனைவி ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கை காட்டினார். "பாட்டப் போடுங்க. ஏதாச்சும் ஒரு பாட்டப் போடுங்க."

அவர் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் இன்னும் அணைக்கப்படாத ஒலிவாங்கியின் முன்பே நின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் தன் இடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேடையேறுமுன் அதைப் பாஸ்டரின் மனைவி நன்றாகவே அறிவுறுத்தியிருந்தார். அத்தை தரையில் விழுந்து புரண்டாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள்.

"அத்த, அழுவாதீங்க. அப்பா அங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கு."

இதையும் நான்கு குழாய்களும் நான்கு திசைக்குக் கொண்டுபோயின.

விழாவுக்குக் கூட்டம் காட்டுவதற்காக, உள்ளூரில் இருந்த தந்தையர் யாவரும் 'ஊர்ப் பொதுமக்கள்' என்ற பெயரில் அழைக்கப்பட்டு, முதல் பந்தியில் பிரியாணிக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். அந்தப் பெண்ணின் தந்தை கையில் சோற்றோடு எழுந்து நின்றார். தங்கை அவரைத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடிருப்பது உறுதியானதும் முதுகில் இரண்டு வைத்தாள்.

"சாவுறவன் கூடப்பொறந்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுச் சாவ மாட்டியா?"

டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கினார். "வேற யாரோட அப்பால்லாம் வந்திருக்காங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் பாஸ்டரைப் பார்த்தனர். பந்தியிலிருந்து ஒருவர் எழுந்தார், பின்னர் மற்றொருவர், பிறகு பனையிலிருந்து விழுந்தவர். அன்று பதினொருவர் எழுந்தனர். எஞ்சிய அறுவர் திருப்பூரில் இருந்தமையால் உயிர்த்தெழ இயலவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றிப் பல்லாண்டாகப் பிரசங்கித்து வந்த பாஸ்டர் அதை நேரில் கண்டபோது, ஏனோ, மகிழ்ச்சியடைந்தவராகத் தோன்றவில்லை.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"சார்தான்," என்று பாஸ்டர் பெருந்தன்மையோடு என்னைக் காட்டினார். "நல்லா எழுதுவாங்க."

"நல்லாத்தான் இருந்தது," என்றார் டாக்டரம்மா. "நான் அழுதேன்." என் எழுத்தைப் பற்றி அதைவிடக் கடுமையான மதிப்புரை பின்னரும் வந்ததில்லை.

அவர் அந்தத் தந்தையிடம் திரும்பினார். "நீங்க எதுக்குய்யா செத்தீங்க?"

"அது படிக்கணும்லம்மா."

டாக்டரம்மா அந்தப் பெண்ணைக் கேட்டார்: "உனக்கு இங்க இருக்கணுமா, அப்பாவோட வீட்டுக்குப் போகணுமா?"

"இங்க இருந்து படிக்கணும்." சற்று நிறுத்தி, "ஞாயித்துக்கெழம அப்பா வரணும். அப்பாவாவே வரணும்," என்றாள்.

"ரெண்டும் சேந்து நடக்காதா பாஸ்டர்?"

"கமிட்டியோட விதி அப்படி இருக்குங்களேம்மா..."

"கமிட்டி நான்தான். சொல்லுங்க, நடக்குமா நடக்காதா?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பல வாக்கியங்கள் தந்திருக்கிறேன். அன்று கைவசம் ஒன்றும் இல்லை. "நடக்கும்ங்க," என்றார். அடுத்த நொடியே ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, பெற்றோருள்ள ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்ற கடமைப் பாரத்தை ஆண்டவர் தொடக்கத்திலேயே தம் ஊழியனின் உள்ளத்தில் வைத்திருந்தார் என்று அறிவித்தார். கூட்டம் ஆமென் என்றது. சேற்றுக் காலோடு நின்ற பன்னிரண்டு பேருக்கும் இரண்டாம் பந்தியில் இலை போடப்பட்டது.

பதினேழு படிவங்களையும் நான் திரும்ப எழுதினேன். 'உயிருடன் உள்ளார்' என்பதை எத்தனை விதமாக எழுதினாலும் அழகு கூடவில்லை.

உயிரோடிருக்கும் தந்தையரால் வரும் தொல்லை பாஸ்டருக்கு ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது. "செத்தவங்களா இருந்தப்ப ஒரு பேச்சு கிடையாது சார்," என்று என்னிடம் நொந்துகொண்டார். "இப்ப வாராவாரம் வந்து உக்காந்துக்கிட்டு, கக்கூஸ்ல தாப்பாள் இல்ல, சாம்பார்ல பருப்பு இல்லங்கிறாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அந்தப் பெண்ணின் தந்தை அலுவல் அறைக்குள் வந்தார். மகள் அவர் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க, கணக்கு டீச்சர் இன்னும் வரலன்னு புள்ள சொல்லுது. எப்ப வருவாங்க?"

"அதுக்காகத்தாம்பா ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்," என்றார் பாஸ்டர்.

"சரிங்க, பண்ணுங்க," என்றார் அவர். "ஞாயித்துக்கெழம வந்து கேக்குறேன்."