வெள்ளைக் கொடி ஏறிய பிறகு

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்துகிற அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்தவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'நூல்'. நூல் பிடித்தாற்போல்தான் நடப்பார், பேசுவார், கையெழுத்துப் போடுவார். ஒரு கிராம் குறைந்தாலும் கல்லைப் பறிமுதல் செய்துவிட்டு, "உங்க மேல எனக்குக் கோபமே இல்லைங்க, கல்லு மேலதான்" என்பார். கடைக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கும் முத்திரை குத்திட்டார்னா நிம்மதியா இருப்பார்" என்று வீட்டம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் மனிதர் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே துடுப்புப் படகுப் போட்டிக்கு அவர்தான் நடுவர். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் விசைப்படகில் நின்றபடி வருகிற நடுவரின் முகம்தான் அவர்களுக்கு எதிரே தெரியும். யாராவது தன் தடத்தை விட்டு அடுத்தவர் தடத்துக்குள் போனால், நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கி, தட எண்ணைக் கூப்பிட்டு, ஒதுங்க வேண்டிய பக்கம் சாய்ப்பார். ஒதுங்கியே ஆக வேண்டும். தடம் பிரிக்கிற மிதவைகள் கடைசி இருநூறு மீட்டருக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் நடுவரின் கண்தான் கோடு. ஒரு போட்டிக்கு இரண்டே படகுகள். அதனால் விசைப்படகு இரண்டு தடங்களுக்கும் நட்டநடுவே வர வேண்டும்.

ஒரு காலத்தில் தோற்றவர்கள் சாயங்காலம் வரை மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். மாமா, சித்தப்பா எல்லாம் சாட்சி சொல்ல வந்துவிடுவார்கள். சந்தைக்கடை தோற்றது போங்கள்! நூல்தான் போட்டிக் குழுவில் மல்லுக்கட்டி ஒரு விதியைக் கொண்டுவந்தார். முறையீடு இருந்தால், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தண்ணீரில் இருக்கும்போதே கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்துவார். அதோடு முடிந்தது. 'அதன்பின் நடுவரும் முடிவை மாற்ற இயலாது' என்ற கடைசி வரி அவர் கைப்பட எழுதியது. எழுதிய அன்று வீட்டம்மாவிடம் படித்துக்கூடக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் மோதினார்கள். கரையோரமாக ஒன்றாம் தடத்தில் இருந்தவள் தையல் ஆலையில் காஜா எடுப்பவள். வேலைக்குப் போகுமுன் விடியலில் வந்து எட்டு வருடம் பழகியவள். ஜெயிப்பவளுக்குப் பயிற்சி முகாமில் இடம். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. அடுத்த தடவை என்ற பேச்சே கிடையாது.

பாதித் தூரத்தில் அவள் அரைப் படகு முன்னால் இருந்தாள். அப்போதுதான் அவள் பக்கத்துத் தடத்துக்குள் நுழைவது நூலின் கண்ணுக்குத் தெரிந்தது. "ஒண்ணாம் நம்பர்!" என்று கத்தி, கொடியைக் கரைப்பக்கம் சாய்த்தார். அவள் முகத்தில் திகைப்பு, ஒரு கணம்தான். உடனே ஒதுங்கினாள். மறுபடி சாய்த்தார். மறுபடி ஒதுங்கினாள். கரையோரக் கோரையில் துடுப்பு மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுப்பதற்குள் மற்றவள் போயே போய்விட்டாள்.

எல்லைக்கோட்டில் நூல் முறைப்படி அவளைப் பார்த்தார். அவள் கை துடுப்பின் மேலேயே கிடந்தது. வெள்ளைக் கொடியை உயர்த்தினார்.

துறைக்குத் திரும்பும்போது விசைப்படகு ஓட்டுகிறவன் சாவகாசமாகச் சொன்னான்: "வழியில ஒரு மரக்கட்டை மிதந்துச்சு சார். நல்லவேளை, கரைப்பக்கம் ஒடிச்சுட்டேன். கொஞ்ச தூரம் ஓரமாவே வந்தோம்."

"எந்த இடத்துல?"

"பாதியில. நான் ஒடிச்ச உடனேதான் நீங்க கொடியைத் தூக்கினீங்க."

"ஏன்யா சொல்லல?"

"கொடி தூக்கினா வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லி வச்சிருக்கீங்க?"

பக்கவாட்டில் நின்று பார்த்தால் தராசு முள் தள்ளித்தான் தெரியும். நேரே நின்று பாருங்கள் என்று நூல் எத்தனை கடையில் பாடம் எடுத்திருப்பார்! விசைப்படகு கரைப்பக்கம் போனதால், நேராகப் போனவள் விலகியதுபோல் தெரிந்திருக்கிறாள். படகுகள் நெருங்கியது நிஜம்தான், ஆனால் உள்ளே நுழைந்தவள் மற்றவள். அடப்பாவி, கொடியைக் காட்டி அந்தப் பெண்ணைக் கோரைக்குள் தள்ளியது நான்தானே!

குழுத் தலைவரிடம் ஓடினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு விதிப் புத்தகத்தை இவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு நானே எழுதித் தரேங்க!"

"நடுவரும் மாற்ற இயலாதுன்னு இருக்கே சார். அந்த வரி மட்டும் வேண்டாம்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. அன்றைக்கு இவரை எதிர்த்துப் பேசி அந்தத் தலைவர் ஜெயித்திருக்கக் கூடாதா என்றிருந்தது. தான் ஆசைப்பட்டுப் போட்ட பூட்டுக்கு நூலே சாவி வைக்கவில்லை.

படகுக் கொட்டகையில் காஜாப் பெண் படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடுப்பில் கோரை இன்னும் சுற்றியிருந்தது. இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன் சார். எந்த இடத்துல விலக ஆரம்பிச்சேன்? எனக்குத் தெரியவே இல்ல. சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

திருத்திக்கொண்டு எந்தப் போட்டிக்குப் போவாள்?

"நீ விலகலைம்மா. நேராத்தான் போன. தப்பு என்னோடது. மாத்த முடியுமான்னு கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க."

அவள் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தாள். "எனக்கும் நேராப் போறதாத்தான் பட்டுச்சு சார்."

"அப்ப ஏம்மா கையைத் தூக்கல? ஒரு கை தூக்கியிருந்தா போதுமே!"

"வேற யாராவதா இருந்தா தூக்கியிருப்பேன் சார்" என்றாள். "கொடி காட்டினது நீங்களாச்சே."

பிறகு உட்கார்ந்து, துடுப்பிலிருந்த கோரையை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள்.