கல்லறை இல்லாதவருக்குச் செபம்

என் வீட்டுக்காரர் கடலோடு போனபோது எனக்கு இருபத்தாறு வயசு. எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டும் லாஞ்சுக்காரர்களும் எங்கள் பாய்மர வல்லத்துக்காரர்களும் முறைத்துக்கொண்டு திரிந்த காலம். ஒரு லாஞ்சு அவர் வல்லத்தை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கூடப் போன இரண்டு பேர் பலகையைப் பிடித்துத் தப்பி வந்தார்கள். அவர் மூழ்கியதைக் கண்ணால் கண்டதாக இருவரும் என்னிடம் சொன்னார்கள். உடல் மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காதது ஊர்வாய்க்கு வசதியாகப் போயிற்று. மன்னாரில் அவர் சாயலில் ஒரு ஆளைப் பார்த்தார்களாம், இலங்கை ஜெயிலில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறாராம் என்று வாரத்துக்கு ஒருத்தராக வந்து மாமியாரிடம் ஓதிவிட்டு, கருப்பட்டிக் காப்பியும் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வாயில் மண் விழ! ஆறுதல் சொல்கிறார்களாம், ஆறுதல். மாமி தினமும் மகனுக்குச் சோறு எடுத்து வைத்தாள். இறந்தோர் பூசை வைக்க விடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எதற்குடி பூசை என்று என்மேல் பாய்வாள். இப்படியே ஒரு வருஷம்.

செத்தபின் பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாவுக்கு நம் செபம்தான் துணை என்று படித்து வளர்ந்தவள் நான். குடித்தே செத்தவனுக்குக்கூட ஊரில் பூசை நடக்கிறது. என் மனுஷனுக்கு ஒரு 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்ல நாதியில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போய், சாமியார் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். மாமியின் வாய்க்குப் பயந்த மனுஷன், தலையை மட்டும் ஆட்டினார். நான் வீட்டுக்கு வந்து மாமியிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

"ஏளா, எம் மவனைக் கொல்லப் பாக்கியா?" என்றாள்.

"கொன்னது லாஞ்சுக்காரன், மாமி. செபம் இல்லாம அவுகளைத் தவிக்க விட்டது நாம. உயிர்த்தெழுவாகன்னு நெசமாவே நம்புனா, செத்துட்டாகன்னு சொல்ல ஏன் பயப்படுதிய?"

அதற்குப் பிறகு மாமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் பட்டியலை வாசித்தார். கடைசியாக என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. கோயில்பிள்ளை அதன் பக்கத்தில் 'காணாமல் போனவர்' என்று எழுதி வைத்திருந்தார். சாமியார் அதையும் சேர்த்தே வாசித்து, அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டிக்கொள்வோம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"எம் மவன் காணாமப் போகல, சாமி. செத்துட்டான். செத்தவுக உயிர்த்தெழுற கடைசி நாள்ல கடலு அவனைத் திருப்பிக் குடுத்தாவணும். இப்பம் அவனுக்குச் செத்தவுக செபத்தைச் சொல்லும்."