ரெண்டு கதவுக்காரர்

வேலை விட்டு வந்ததும் ரெண்டு கதவுக்காரர் சட்டையைக்கூட மாற்றுவதில்லை. கை கிரீஸை மட்டும் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். பேர் இல்லாத ஒரு கோப்பைத் திறக்கிறார். திரையில் நூல் நூலாக ஒரு முயல் வருகிறது. "இந்தாம்மா, இந்த முயல் யாருக்குப் போட்டது?" ஜன்னலோரம் எம்பிராய்டரி மெஷினில் குனிந்திருக்கும் மனைவி திரும்பிப் பார்ப்பதில்லை. "காது மடங்கியிருக்கா, நிமிந்திருக்கா?" மடங்கித்தான் இருக்கிறது. "அப்ப அது பல் டாக்டர் பேத்தி தலகாணிக்கு." அதை அப்படியே பேராகத் தட்டிச் சேமித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் மனிதர் படு உஷார். லிஃப்ட் குழியில் இறங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போட்டோமா என்று மறுபடி தொட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினால், "மேல இருந்து வர்றது என்னைக் கேட்டுட்டு வராதுப்பா" என்பார்.

பட்டப்பேர் வந்தது தொழிலால் இல்லை, கம்ப்யூட்டர் பைத்தியத்தால். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மீன் பிடிப்பது. இவருக்கு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு வைப்பது. பொத்தானை அழுத்தியதும், இதற்குள் போகிறாயா, அதற்குள் போகிறாயா என்று திரை கேட்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் மனிதருக்கு நெஞ்சு குளிரும். "ஒரு கதவு மக்கர் பண்ணா இன்னொரு கதவு வேணுமா, வேணாமா?" என்று கேட்டுக் கேட்டே அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரு வழி பண்ணிவிட்டார். அவர்களும் சும்மா விடவில்லை, ரெண்டு கதவுக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மனைவியைத் தெருவே தையலம்மா என்கிறது. வேலை பார்த்த துணி ஃபேக்டரியை மூடிவிட்டபோது, வீட்டில் முடங்கிக் கிடக்காமல் இந்த மெஷினை வாங்கிப் போட்டார். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மெஷின் துணியில் தைத்துவிடும். கவுனுக்குப் பூ, திரைச்சீலைக்குக் கொடி, குழந்தைப் போர்வைக்கு யானை, எல்லாமே அவர் கையால் வரைந்தவை. தைத்த துணி வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். வரைந்தது மட்டும் கம்ப்யூட்டரில் தங்கும். அதுதான் அவருடைய முதல், அதுதான் பேர்.

அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக ஆமை வேகத்தில் ஊர்ந்தது. தையலம்மா பெருமூச்சு மட்டும் விட்டார். கட்டியவருக்கு அது போதாதா? கம்ப்யூட்டருக்குச் சுமையில்லாத புது சிஸ்டம் ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எம்பிராய்டரி புரோகிராம் பழையதில்தான் ஓடும், ஆகவே பழையதும் இருக்கட்டும், பக்கத்திலேயே புதியதும் வரட்டும் என்று திட்டம். ஹார்ட் டிஸ்கில் காலியாக ஒரு பகுதியும் ஒதுக்கி வைத்தார்.

இங்கேதான் வேலியே பயிரை மேய்ந்தது. வீட்டுக்கு வரும் வாண்டுகள் எதையாவது அழித்துவிடப் போகிறார்களே என்று பயந்து, மனைவியின் படங்கள் இருந்த பகுதிக்குப் பேரை எடுத்துவிட்டு, எம்பிராய்டரி புரோகிராம் தவிர யார் கண்ணிலும் படாமல் எப்போதோ ஒளித்து வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் புது சிஸ்டம் எங்கே உட்காரட்டும் என்று கேட்டபோது, பேர் இல்லாத பகுதிகள் இரண்டு திரையில் நின்றன. ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றைக் காட்டினார். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. காலி இடத்தில் அழிய என்ன இருக்கிறது? சரி என்று அழுத்திவிட்டார். சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற அதே கைதான்.

புது சிஸ்டம் பளிச்சென்று வந்தது. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லாயிருக்கே என்று அவரும் உட்கார்ந்தார். பழைய கதவு வழியாகப் போய், தன் படங்களைத் திறக்கப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. திரும்பவும் திறந்தார். அப்போதுதான் ரெண்டு கதவுக்காரருக்குத் தான் காட்டிய பகுதி எது என்று புரிந்தது. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைத்ததுண்டு. நினைப்பு பிழைப்பைக் காப்பாற்றுமா?

தையலம்மா கத்தவில்லை, அழவில்லை. "சரி, சாப்பிட வாங்க" என்று எழுந்து போனார். அந்த ஒரு வார்த்தைதான் மனிதரை இன்றுவரை அரிக்கிறது. "நாலு திட்டு திட்டியிருந்தா ஆறிப்போயிருக்கும்" என்று வேலையிடத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் ஒரு புரோகிராமைப் பிடித்து ஓட விட்டார். நிறையவே மீண்டது. ஆனால் பேரெல்லாம் போய் வெறும் எண்களாக வந்தது. சில பாதியில் அறுந்திருந்தன. அன்றிலிருந்துதான் இந்தச் சாயங்கால விசாரணை. இது யாருக்கு, இந்தப் பூவுக்கு ஏன் ஒரு இதழ் குறைச்சல், இந்த யானை ஏன் சிரிக்கிறது? பதில் ஒவ்வொன்றிலும் ஒரு கதை இருக்கிறது. இத்தனை வருஷம் அடுத்த அறையில் நடந்ததை இப்போதுதான் தெரிந்துகொள்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

தையலம்மா பதிலுக்கு ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். "வாத்து வந்துச்சா?" மெஷின் வந்த புதிதில், ஒன்றும் தெரியாமல் தடுமாறி அவர் வரைந்த முதல் படம் அது. கால் இரண்டும் ஒரே பக்கத்தில் முளைத்திருக்கும். யாருக்கும் தைத்துக் கொடுத்ததில்லை. "அதைப் பாத்தா ஒரு தைரியம் வரும். அங்கிருந்துதானே இவ்ளோ தூரம் வந்தேன்" என்றார் ஒரு நாள். வேறு எது வராவிட்டாலும் அது வந்தாக வேண்டும் என்று ரெண்டு கதவுக்காரர் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். அது மட்டும் வந்தபாடில்லை.

போன ஞாயிறு காலையில் ஒரு கோப்பு அடம்பிடித்துத் திறந்தது. மஞ்சள் அலகு வந்தது. தலை வந்தது. கழுத்தும் முதுகும் வாலும் வந்தன. அத்தோடு நின்றுவிட்டது. ஊசி எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையில்தான் படம் பதிவாகும். கடைசியில் தைக்க வேண்டிய வயிறும் காலும் இல்லவே இல்லை. மூடிவிடலாம் என்று பதறி மௌஸைத் தேடினார். அதற்குள் முதுகுக்குப் பின்னால் தையலம்மா வந்து நின்றிருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றார். இத்தனை நாளும் நெஞ்சில் இருந்தது அன்றுதான் வாய்க்கு வந்தது.

தையலம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலு ரெண்டும் போயிடுச்சா?"

"ம்."

"போகட்டும் விடுங்க. அந்தக் காலுதான் எனக்கு வரவே இல்ல."

அவரை இடுப்பால் இடித்து நாற்காலியில் பாதி இடம் பிடித்து உட்கார்ந்தார். மௌஸை அவர் கையிலிருந்து வாங்கி, நீல நூலைத் தேர்ந்தெடுத்து, வாத்தின் நெஞ்சிலிருந்து வால்வரை அடியில் ஓர் அலையை வளைத்து வளைத்து வரைந்தார்.