சைலன்சரில் சுற்றியிருந்த நாடா

போன வருஷம் ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கிய சமயம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் இருக்கும் வித்துராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது.

எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். என் கணவருக்கு வித்துராவில் வேலை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்துவிட்டதால், செகண்ட் ஹாண்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் வண்டி விற்பதாகத் தெரியவந்தது. என் கணவர் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. நான்தான் விடவில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுகிற மனிதர் அவர். நான் நேர் எதிர். கடைக்காரர் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்க்கிறவள்.

விற்பவருக்கு முப்பது வயது இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, வித்துராவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறவர். ஓட்டு வீட்டின் முன்னால், தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. துடைத்து, எண்ணெய் பூசினது போலப் பளபளவென்று இருந்தது. அவர் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னப் பெண் குழந்தையைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சேச்சி, கொஞ்சம் சீக்கிரம் பாத்துச் சொல்லணும் கேட்டோ. இவ அம்மா வீடு பொன்முடி எஸ்டேட்ல. நீங்க வண்டிய எடுத்தா நாங்க பஸ்ஸுக்குப் போறோம். எடுக்கலேன்னா இதுலயே ஏறிப் போயிருவோம்" என்றார் அவர்.

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை இப்படித்தான் சூடாக்கி வைத்து விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டேன். சந்தைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். வீட்டில் சந்தைப் பை எதுவும் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகுதான் சைலன்சரைப் பார்த்தேன். இன்ஜினிலிருந்து இறங்கி, கால் வைக்கும் இடத்துக்குக் கீழே பின்னால் போகிற அந்தக் குழாய் முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு நாடா இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கை மாதிரி. அங்கங்கே இரும்புப் பட்டை போட்டு முடுக்கியிருந்தது.

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ரேஸ் வண்டிகளில்தான் இப்படிச் சுற்றுவார்களாம். குழாயின் சூடு வெளியே வராது, உள்ளே இருக்கும் புகை வேகமாக வெளியேறும், இன்ஜின் இழுவை கூடும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"இழுவை கூடுமான்னு எனக்குத் தெரியாது சேட்டா. ஆனா சூடு காலுல அடிக்காது. அதுக்குத்தான் இது. வண்டியில ஏறுற பிள்ளை கால் பட்டாலும் பொள்ளாது" என்றார் விற்பவர்.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையில் எனக்கே ஒரு சபலம் தட்டியது. கல்யாணமான புதிதில் இன்னொருவர் வண்டியிலிருந்து இறங்கும்போது சைலன்சர் பட்டு என் கெண்டைக்காலில் கொப்புளம் வந்து, ஒரு மாதம் நொண்டியிருக்கிறேன். ஆனாலும் மனது சும்மா இருக்கவில்லை. ஒரு பொருளை விற்க வருகிறவர் அதில் ஓர் இடத்தை மட்டும் மூடி வைத்திருக்கிறார் என்றால், உள்ளே என்ன?

குனிந்து பார்த்தேன். நாடாவின் அடிப்பக்கம் தேநீர் சிந்திக் காய்ந்தது போலப் பழுப்புக் கறை. "சேறு" என்றார் கணவர். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் அந்த ஓசைக்கு நடுவே 'புஸ் புஸ்' என்று ஒரு காற்றுச் சத்தம். "அது ரேஸிங் சவுண்டு" என்றார் கணவர். எனக்கு என்னவோ விசில் போடாத குக்கர் ஞாபகம்தான் வந்தது.

"இந்த நாடாவை அவிழ்த்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "அது வேண்டா சேச்சி. ஒரு தடவை அவுத்தா திரும்பச் சுத்த வராது. கண்ணாடி நாரு. கையெல்லாம் அரிக்கும்."

"அவிழ்க்காமல் நாங்கள் வாங்குவதாக இல்லை."

"என்னயக் கள்ளன்னு நினைக்கிறீங்களா?" குரல் உயர்ந்தது. "மழையில கூட இதுலதான் மலை ஏறி எறங்குறேன். ஒரு குறை கிடையாது. வேணும்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க."

கள்ளன் என்றுதான் நினைத்தேன். அவசரம், சூடு, கறை, சத்தம், இப்போது கோபம். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தது. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டேன். அவர் ஏக்கத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் அந்த மனிதர் வண்டியைத் தள்ளித் திருப்பும் சத்தம் கேட்டது. குழந்தையை முன்னால் ஏற்றப் போகிறார் போலும்.

"கொஞ்சம் நில்லுங்க அக்கா."

கூப்பிட்டது அவர் மனைவி. அதுவரை வாயே திறக்காதவள் மழைத்தூறலில் இறங்கி வந்து நின்றாள். எங்களிடம் அல்ல, தன் கணவரிடம் பேசினாள்.

"அவுத்துக் காட்டுங்க. வண்டி விக்காட்டியும் போட்டும். கள்ளன்னு நெனச்சுக்கிட்டு அவங்க போகவேண்டாம். நாளைக்கும் இதே ரோட்டுலதான நடக்கணும்."

அவர் வண்டியை மறுபடி ஸ்டாண்டு போட்டார். குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரம்தான் எனக்கு மிகக் கஷ்டமான நேரம். அவள் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. 'இதுவும் நாடகமோ? ஆற வைக்கிற சாக்கில் பஸ் நேரத்தைச் சொல்லி நழுவிவிடுவார்களோ?' என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் குறடு எடுத்து இரும்புப் பட்டைகளை வெட்டினார். கோபத்தோடு வெடுக் வெடுக்கென்று நாடாவைச் சுழற்றி இழுத்தார். மேல் சுற்றுகளில் கறை குறைவு. உள்ளே போகப் போகத் துருக்கறை. பழுப்புத் தூள் விரலில் ஒட்டியது. கடைசிச் சுற்றை இழுத்தபோது குழாயின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. துரு பொருக்குப் பொருக்காகத் தரையில் உதிர்ந்தது. கால் வைக்கும் கம்பிக்குக் கீழே, குழாயின் மேல்பக்கத்தில், என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி இரும்பு அப்பளம் போல மெலிந்து கிடந்தது.

'பார்த்தீர்களா' என்று கணவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டைக்கு நேர் மேலே, பின் பிரேக்குக்கு ஆயில் போகிற ரப்பர் குழாய். ஓட்டையிலிருந்து வந்த சூடு நாடாவைத் தாண்டி அதன் மேல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ரப்பர் கருகி, வெடித்திருந்தது. கணவர் பிரேக்கைக் கையால் அழுத்தினார். வெடிப்பிலிருந்து ஆயில் முத்துப் போலத் துளிர்த்து வழிந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். இந்த முறை பிரேக் பிடிமானமே இல்லாமல் அடிவரை போய் நின்றது.

நான் அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்த்தேன். பிடிபட்டவன் எப்படி நடிப்பான் என்று பார்க்கத்தான் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. துருப் பொருக்கைக் கையில் எடுத்து நசுக்கினார். அப்புறம் வாசலில் நின்ற குழந்தையைப் பார்த்தார். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவளை முன்னால வச்சுக்கிட்டு இன்னைக்கு எத்தன வளவு ஏறி எறங்கணும்!" என்றார். பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைத்தான் சொன்னார்.

வண்டியை அவர் வாங்கும்போதே நாடா சுற்றித்தான் இருந்ததாம். "அவுக்காதே, அப்புறம் சுத்த வராது" என்று அவரிடம் விற்றவன் சொன்னதைத்தான் எங்களிடம் அவரும் சொல்லியிருக்கிறார். குழந்தையின் காலுக்கு நல்லது என்று நம்பி, நாடா கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். வண்டியைக் கழுவும்போதெல்லாம், மழையில் ஓட்டும்போதெல்லாம், அது தண்ணீரைக் குடித்து உள்ளே வைத்துக்கொண்டதை அவர் அறியவில்லை.

அவர் மனைவி அழவில்லை. உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நார் குத்தி இரண்டு ஆண்களும் கைகளைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். உதவி செய்கிறேன் என்று என் கணவரும் நாடாவைச் சுருட்டியிருந்தார். அந்த நிலையிலும் அவர்களைப் பார்த்து அந்தக் குழந்தை சிரித்தது.

அன்று அவர்கள் பஸ்ஸில்தான் பொன்முடிக்குப் போனார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் பஸ் ஏறினோம். கிளம்பும்போது அவர், "இத இப்படியே யாருக்கும் விக்க மாட்டேன் சேச்சி" என்றார். நான் நம்பவில்லை. திரும்பவும் நாடா சுற்றி வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார் என்று வழியெல்லாம் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. குழாயும் பிரேக் ஹோஸும் புதிதாக மாற்றிவிட்டாராம். நாடா இல்லை. காலில் படாமலிருக்க ஒரு தகட்டுக் கவசம் மட்டும் போட்டிருக்கிறதாம். வந்து பார்க்கலாம் என்றார். போனோம். நான் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். விற்பவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பாருங்க" என்று அவரே விளக்கைப் பிடித்துக் காட்டினார். அந்த வண்டியில்தான் என் கணவர் இன்று வேலைக்குப் போய்வருகிறார்.

நான் மாறிவிடவில்லை. இப்போதும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவதில்லை. நின்று, அவிழ்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அன்று அந்தப் பெண் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால், என் சந்தேகம் என்னை மட்டும் காப்பாற்றி பஸ் ஏற்றிவிட்டு, அவர்கள் மூன்று பேரையும் அந்த மலைக்கு அனுப்பியிருக்கும்.